ஆறு நிமிஷ அனுமதி

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தபடி நிற்கிற மேற்கு வட்டார சிறுநீரக நல அறநிலையத்தில் சர்வரை ‘அது’ என்று சொல்லக் கூடாது. ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அருள்மொழி விவரம் தெரியாமல், “அது ரொம்ப சூடாகுது சார்” என்று சொல்லிவிட்டாள். கணினிப் பிரிவின் தலைவர் கார்த்திகேசனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெற்ற தகப்பனை ஒருமையில் பேசியவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, “அவருக்குச் சூடாகுதுன்னு சொல்லும்மா” என்று திருத்தினார்.

அவருக்குச் சூடானதற்குக் காரணம் ஆயுத பூஜை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் முதல் சக்கர நாற்காலி வரைக்கும் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து ஓய்வு கொடுப்பார்கள். சர்வருக்குப் பொட்டு மட்டும் உண்டு, ஓய்வு கிடையாது. வருஷா வருஷம் குழைத்து அப்பிய சந்தனம், காற்றுப் போகிற துவாரங்களில் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுரண்ட வேண்டுமென்றால் அவரை நிறுத்த வேண்டும். அவரை நிறுத்துவதாவது! வாயைக் கழுவ வேண்டும்.

வரவேற்பறையில், பிள்ளையார் படத்துக்கு ஒரு சாண் மேலே, சிவப்பு விளக்கில் எண் காட்டும் பலகை ஒன்று தொங்கியது. ‘இடைவிடாத சேவை’ என்று எழுதி, பக்கத்தில் அவர் நிற்காமல் ஓடுவது எத்தனையாவது நாள் என்ற கணக்கு. தினம் காலை ஒன்பது மணிக்குக் காவலாளி விசில் ஊதுவார். ஊழியர்கள் எல்லோரும் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்க வேண்டும். ஊசி போட்டுக்கொண்டிருக்கிற நர்சுக்கும் விலக்கு இல்லை, ஊசியைப் பிடித்தபடி நிற்கலாம். இயக்குநர் திருவேங்கடம் அன்றைய எண்ணை உரக்க வாசிப்பார். கைதட்டுவார்கள். நூறாவது, இருநூறாவது என்று வரும் நாட்களில் தேங்காயும் உடைபடும். இரண்டாயிரமாவது நாளன்று டெல்லியிலிருந்து ஆள் வந்து தேசிய விருது கொடுப்பதாக ஏற்பாடு. அதற்காகத் திருவேங்கடம் புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாவது நாள், ஒரு வியாழக்கிழமை, அந்த எச்சரிக்கை வந்தது.

இணையத்திலிருந்து சர்வருக்குள் யாரை விடலாம், யாரை விடக் கூடாது என்று பார்க்க வாசல்காரன் மாதிரி ஒரு மென்பொருள் உண்டு. உலகத்தில் எத்தனையோ ஆயிரம் இடங்களில் நிற்கிற அதே வாசல்காரன்தான் இங்கேயும் நின்றான். அவனிடம் ஓர் ஓட்டை இருக்கிறது, அதன் வழியே கடவுச்சொல் இல்லாமலே யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்துவிடலாம் என்று அவனை உருவாக்கியவர்களே அறிவித்திருந்தார்கள். அடைப்பதற்கு பேட்ச் தயார், உடனே போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற பேட்ச் மாதிரிதான். அதற்குக் காசுகூடக் கிடையாது. ஒட்டிவிட்டு, சர்வரை ஒரே ஒரு தரம் அணைத்து எழுப்ப வேண்டும். அருள்மொழி கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆறு நிமிஷம்.

அவள் பதறியதற்குக் காரணம் வேலைப்பற்று மட்டுமில்லை. அவளுடைய அண்ணன் விஜய், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் பதினான்கு வருஷம் தகடு அடித்தவன். தங்கையின் கம்ப்யூட்டர் படிப்புக்குப் பணம் கட்டியவனும் அவன்தான். முப்பத்தைந்து வயதில் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் நெமிலிச்சேரியிலிருந்து வந்து நாலு மணி நேரம் டயாலிசிஸ் மிஷினில் படுத்தால்தான் அவன் உடம்பு ஓடும். ஊழியர் குடும்ப ஒதுக்கீட்டில் கிடைத்த படுக்கை அது. அவன் டோக்கன், ரத்தப் பரிசோதனை, ரத்தத்தை வடிகட்ட அவனுக்கு ஸ்டோரிலிருந்து எடுத்துத் தரும் ஃபில்டரின் கணக்கு, எல்லாம் சர்வருக்குள். அருள்மொழி வேலையில் இருக்கிற வரைக்கும் படுக்கை உண்டு. அவளோ ஒப்பந்த ஊழியர், கார்த்திகேசன் கண்ணைக் காட்டினால் நாளைக்கே வெளியே. அதனால்தான் யாரையும் கேட்காமல் அணைத்து எழுப்புகிற துணிச்சல் அவளுக்கு வரவில்லை. அந்த ஆறு நிமிஷத்தை அன்றைக்கே திருடியிருக்கலாமே என்று பின்னால் எத்தனை தரம் தலையில் அடித்துக்கொண்டாளோ, அவளுக்கே தெரியாது.

முறைப்படி ‘மாற்ற வேண்டுகோள் படிவம்’ பூர்த்தி செய்தாள். நாற்பத்து மூன்று கட்டங்கள். முப்பத்தொன்றாவது கட்டத்தில் ‘நோயாளிகளுக்கு ஏற்படும் பாதிப்பு’ என்று இருந்தது. ‘ஆறு நிமிஷம்’ என்று அடித்தாள். ஏற்கவில்லை. அந்தக் கட்டத்தில் எண் மட்டும்தான் போகும் என்று கார்த்திகேசன் சொன்னார். 6 என்று அடித்தாள். ஏற்றுக்கொண்டது. எதில் ஆறு, எதற்கு ஆறு என்று படிவமும் கேட்கவில்லை, கார்த்திகேசனும் கேட்கவில்லை.

மாற்ற அனுமதிக் குழு அடுத்த புதன்கிழமைதான் கூடியது. திருவேங்கடத்தையும் சேர்த்து அறங்காவலர்கள் பதினோரு பேர். அரிசி ஆலைக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வாஸ்து நிபுணர் ஒருவர், இப்படி. கணினி தெரிந்தவர் எவரும் இல்லை. தெரிந்தவர் இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று விதி. அருள்மொழி நின்றுகொண்டே விளக்கினாள். திருவேங்கடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த வழியாக இதுவரைக்கும் யாராவது வந்திருக்கிறார்களா என்றார். இன்னும் வரவில்லை என்றாள். வராத திருடனுக்காக வீட்டுக்காரரை எழுப்பி வெளியே நிறுத்தச் சொல்கிறாளே இந்தப் பெண் என்று அரிசி ஆலைக்காரர் சிரித்தார். ஓட்டை இருப்பதற்கு அத்தாட்சி உண்டா என்று தலைமையாசிரியர் கேட்டார்.

அங்கேதான் அவள் சறுக்கினாள். அத்தாட்சி என்று கேட்டதும் படித்த பெண்ணுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் செல்போனை எடுத்து, கடவுச்சொல் எதுவும் போடாமல், அந்த ஓட்டை வழியாகவே உள்ளே போய், முதலில் கைக்கு வந்த கோப்பைத் திறந்து மேஜையில் வைத்தாள். திருவேங்கடத்தின் கோப்பு. சர்க்கரை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, பிறகு வெளியே சொல்லக் கூச்சப்படுகிற இன்னொரு சங்கதிக்குச் சாப்பிடுகிற மாத்திரை என்ன, எல்லாம் பெரிய எழுத்தில். திருவேங்கடம் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். புரிந்துவிட்டது போல என்று அருள்மொழி சந்தோஷப்பட்டாள்.

புரிந்துதான் இருந்தது. மறுநாளே அனுமதியின்றி உள்ளே நுழைந்ததற்காக அவளுக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்தது. அவள் வைத்திருந்த சர்வர் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வாங்கி, உறையில் போட்டு, அரக்கு வைத்து மூடினார்கள். அறங்காவலர்கள் பதினோரு பேரின் மருத்துவக் கோப்புகளும் அச்செடுக்கப்பட்டு இரும்பு பீரோவில் ஏறின, சர்வரிலிருந்து அழிக்கப்பட்டன. சர்வர் அறைக்கு இரும்புக் கதவு போட்டு, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். வாஸ்து நிபுணர் சொல்லி கதவை வடக்குப் பக்கமாக மாற்றினார்கள். பேட்ச் போடுவதற்கும் அனுமதி கிடைத்துவிட்டது, இல்லையென்று சொல்லக் கூடாது. இரண்டாயிரத்து ஒன்றாவது நாள், விருது வாங்கிய மறுநாள், காலை பத்து மணிக்கு, ஆறு நிமிஷம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுத்தார், தேதி போட்டுக் கொடுத்தார்.

அதுவரைக்கும் என்ன செய்வது? அதற்கும் கார்த்திகேசனிடம் ஒரு வழி இருந்தது. அறநிலையத்தின் இணையதளத்தில், முகப்பிலேயே, அறிவிப்பு ஒன்றை ஏற்றினார். ‘இத்தளத்தின் வாசல் மென்பொருளில் ஓட்டை இருப்பது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. பொதுமக்கள் அதன் வழியாக நுழைவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ பொதுமக்களுக்குக் குழப்பம் வரக் கூடாதென்று மென்பொருளின் பெயரையும், அது எத்தனையாவது பதிப்பு என்பதையும், ஓட்டையின் பதிவு எண்ணையும் கீழே சேர்த்திருந்தார்.

அண்ணனிடம் அதைச் சொன்னபோது அவன் படுக்கையில் குழாய் செருகிக் கிடந்தான். குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் மிஷின் இரண்டு தரம் கத்தியது.

“இன்னா மொழி, திருடனுக்கு வழி தெரியாம பூடப்போதுன்னு போர்டு மாட்டி கீறாங்களா?” என்றான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான். “நிக்காம ஓட்றது இன்னா பெரும? எங்க ஷாப்புல ஞாயித்துக்கெழம மிஷின நிறுத்தி கிரீசு அடிக்கலன்னா போர்மேன் செருப்ப கயட்டுவாரு. நிறுத்தத் தெரிஞ்சவன்தான் மிஷின்காரன்.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலாவது நாள், வெள்ளிக்கிழமை. ஒன்பது மணி விசில் ஊதி, எண் வாசித்து, கைதட்டி உட்கார்ந்தார்கள். திரைகள் எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தன. எங்கிருந்தோ வந்த எவனோ எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமென்றால் பணம் அனுப்பு என்று இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். தினமும் எடுத்த நகலும் போயிற்று. நகலை வைத்திருந்ததும் அதே சர்வருக்குள்தான், அவரைவிடப் பத்திரமான இடம் வேறு எது என்று. அறுநூற்றுச் சொச்சம் நோயாளிகளின் பெயர்கூடத் தெரியவில்லை. தப்பியது பீரோவில் இருந்த பதினோரு கோப்புகள். அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்கும் டயாலிசிஸ் கிடையாது.

பலகை மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. 1994. பூட்டியவன் சர்வரை நிறுத்தவில்லை, அவனுக்கு அது ஓடினால்தானே பிழைப்பு.

வரவேற்பறையில் கூடியிருந்த கூட்டத்துக்கு முன்னால் திருவேங்கடம் ஒரு நாற்காலி போடச் சொல்லி ஏறி நின்றார். “யாரும் பதற வேண்டாம். சேவை நிற்கவில்லை. பலகையைப் பாருங்கள், அவர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குள் இருந்த தகவல்தான் நமக்கு எட்டாமல் போயிருக்கிறது. தகவல் வேறு, சேவை வேறு. நோயாளிகள் இன்னும் வேறு. இதைப் புரிந்துகொண்டால் மனசு லேசாகிவிடும்.”

யாருக்கு லேசானதோ தெரியாது. சனிக்கிழமை விஜய் வந்தான். டோக்கன் இல்லை. டோக்கன் எண் இல்லாமல் ஸ்டோரில் ஃபில்டர் தர மாட்டார்கள். டயாலிசிஸ் பிரிவில் பதினெட்டு வருஷமாக நர்சாக இருக்கும் வனஜா, அருள்மொழியையும் இழுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கே போய்விட்டாள்.

“மிஷின் கீது, தண்ணி கீது, கரண்டு கீது, நான் கீறேன் சார்,” என்றாள். “ஃபில்டர் மட்டும் குடுக்கச் சொல்லுங்க. யாருக்கு எது குடுத்தேன்னு ஒரு நோட்டுல எய்தி வெச்சிக்கறேன். கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னால அப்படித்தான செஞ்சோம்?”

திருவேங்கடம் அவளை உட்காரச் சொன்னார். விருது விதிகள் அச்சிட்ட புத்தகத்தை எடுத்து, அடிக்கோடிட்ட வரியைக் காட்டினார். மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படாமல் ஓடிய நாட்களே கணக்கில் சேரும். “நோட்டில் நீங்கள் ஒரு வரி எழுதினால் சேவை இடைவிட்டதாக நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் சிஸ்டர். அஞ்சரை வருஷ உழைப்பு ஒரு நோட்டில் போகலாமா? இன்னும் அஞ்சே நாள். அவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நோயாளிக்குப் பொறுமையைச் சொல்லிக்கொடுப்பதும் சிகிச்சைதான்.”

வனஜா வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். அருள்மொழிக்கு அழவும் நேரமில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று ரிப்போர்ட் இல்லாமல் மிஷினில் படுக்க வைக்க முடியாது என்றார்கள். ரிப்போர்ட் சர்வருக்குள். அண்ணனின் ரத்தத்தைப் புதிதாகப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாது. திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தபோது படுக்கை போய்விட்டது, இவர்களைப்போல் அறநிலையத்திலிருந்து ஓடிவந்தவர்களே நிரப்பிவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இவனைவிட மோசமானவர்கள் தரையில் கிடந்தார்கள். புதன்கிழமைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். புதன்கிழமை என்பது இரண்டே நாள்தான், ஒன்றுமில்லை என்று அவள் அண்ணனுக்குச் சொன்னாள். அவன் கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருந்தன.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மூச்சு இழுத்தது. ஆட்டோவில் ஏற்றி, எது பக்கமோ அங்கே போகட்டும் என்று அறநிலையத்துக்கே கொண்டுவந்தாள். வனஜா இருக்கிறாள், ஆக்சிஜனாவது வைப்பாள். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வரவேற்பறைக்குள் தள்ளும்போது விசில் ஊதியது.

ஒன்பது மணி. காவலாளி கதவைப் பிடித்தபடி விறைத்து நின்றார். லிப்ட்காரர் நின்றார். எல்லோரும் நின்றார்கள். அருள்மொழி காவலாளியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். எண் வாசிக்கும்வரை நகரக் கூடாதும்மா, வேலை போயிடும் என்று அவர் உதட்டை அசைக்காமல் சொன்னார். மாடிப்படியில் வனஜா மட்டும் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு,” என்று திருவேங்கடம் வாசித்தார்.

கைதட்டினார்கள். விஜய் பலகையைப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணி, சிரிக்கிற மாதிரி இருந்தது.

“கிரீசு அடிக்கச் சொல்லு மொழி,” என்றான்.

கைதட்டல் ஓய்வதற்குள் அவன் தலை தொங்கிவிட்டது. வனஜா வந்து சேர்ந்து, அவனைத் தரையில் கிடத்தி, நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்து, கடைசியில் அவன் கண்ணை மூடினாள். அன்றைக்கு அவனுக்கு டோக்கன் வழங்கப்படாததால், அவன் அறநிலையத்துக்கு வந்ததாகவோ அங்கே செத்ததாகவோ எந்தப் பதிவும் இல்லை. நோயாளியல்லாத ஒருவரின் உடல் வரவேற்பறையில் கிடப்பதாகச் சொல்லி, அரைமணிக்குள் எடுத்துவிடச் சொன்னார்கள்.

புதன்கிழமை அடக்கம். மழை விடவில்லை. அறநிலையத்திலிருந்து வனஜா ஒருத்திதான் நெமிலிச்சேரிக்கு வந்தாள். வியாழக்கிழமை இடுகாட்டில் பால் தெளித்துவிட்டு அருள்மொழி ஈரப் புடவையோடு வீடு திரும்பும்போது ஊழியர் வாட்ஸப் குழுவில் படம் வந்திருந்தது. திருவேங்கடம் புதுக் கோட்டில் கேடயத்தைப் பிடித்திருந்தார். தலைக்கு மேலே 2000. அதன் கீழே ஐம்பத்தாறு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கார்த்திகேசன் போன் பண்ணினார். இன்றைக்குத்தான் அனுமதித்த நாள், பத்து மணிக்கு வந்துவிட வேண்டும், பேட்ச் போடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்றார். துக்க வீடு என்று அவருக்குத் தெரியும். அனுமதிக்கு ஒரு தேதிதான், தவறினால் மறுபடி குழு கூட வேண்டும் என்றார். அண்ணனைப்போல இன்னும் அறுநூறு பேர் அந்தக் கதவுக்கு வெளியே காத்திருக்கிறார்கள், ஓட்டையை அடைத்தால்தான் அவர்களைப் புதிதாகப் பதிய முடியும் என்று நினைத்துத்தான் அவள் கிளம்பினாள்.

வாசலில் இரண்டு கடிதங்கள் கொடுத்தார்கள். ஒன்று அனுமதி. இன்னொன்றில், ஓட்டை இருப்பதை முதலில் அறிந்தவர் என்ற முறையில் திருட்டுக்கு உங்களைப் பொறுப்பாக்கினால் என்ன என்று கேட்டிருந்தது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

சர்வர் அறையில் நிற்க இடமில்லை. பதினோரு அறங்காவலர்களும் வந்திருந்தார்கள். சர்வருக்கு ரோஜா மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவள் அரக்கு உறையைப் பிரித்து, கடவுச்சொல்லை அடித்து, பேட்சைப் போட்டு, அணைக்கிற கட்டளைக்கு வந்து நின்றாள். அப்போது திருவேங்கடம் பக்கத்தில் வந்து, அவள் தலையில் மெதுவாகக் கை வைத்தார். அவர் குரல் உடைந்திருந்தது.

“பெரிய இழப்பும்மா. தாங்க முடியலை. இத்தனை நாள் நம்ம கூடவே இருந்துட்டு.”

அருள்மொழிக்கு மூன்று நாளாக வராத அழுகை அப்படியே பொங்கி வந்துவிட்டது. எப்படியானாலும் மனுஷர்தானே என்று நினைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“முப்பத்தஞ்சு வருஷம் சார்,” என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

“இல்லம்மா,” என்றார். “ரெண்டாயிரத்து ஒரு நாள்.”

அவள் விசையைத் தட்டினாள். மின்விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. எல்லோரும் தலை குனிந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். ஒருவர்கூட அசையவில்லை. அவள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நகத்தால் துவாரங்களில் இருந்த சந்தனத்தைச் சுரண்டினாள். சரியாக ஆறு நிமிஷம் ஆனதும் அவர் எழுந்தார். வரவேற்பறைப் பலகையில் 0 என்று விழுந்ததைக் காவலாளி வந்து சொன்னார். யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

கார்த்திகேசன் தன் மடிக்கணினியில் தனியாக வைத்திருந்த பழைய படிவத்தைத் திறந்தார். வேலை முடிந்தபின் முப்பத்தொன்றாவது கட்டத்தை மறுபடி நிரப்பினால்தான் கோப்பு மூடும் என்றார். நோயாளிகளுக்கு ஏற்பட்ட பாதிப்பு. அருள்மொழி ‘விஜய்’ என்று அடித்தாள். ஏற்கவில்லை. இன்னொரு தரம் அடித்தாள்.

“அதுல எண் மட்டும்தாம்மா போகும்,” என்றார் கார்த்திகேசன்.

அவள் 1 என்று அடித்தாள். ஏற்றுக்கொண்டது.